சிகிச்சை முடிந்தது, இனி எங்கே தங்குவது? வீடு, மறுவாழ்வு இல்லம், காப்பகம், வாடகை அறை: ஓர் ஒப்பீடு

"வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாமா?" குடிநோய் சிகிச்சை முடியும் வாரத்தில் மனைவியோ தம்பியோ கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே "வீடு இருக்கும்போது வேற எங்க போவார்?" என்ற பதிலும் கூடவே வரும். வீடு என்று ஒன்று இருந்தும் ஆறு மாதமோ ஆறு வருடமோ மார்க்கெட் திண்ணையிலும் பஸ் நிலையத்திலும் படுத்து எழுந்தவருக்கு அந்தப் பதில் அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. வீட்டில் இருப்பவர்களும் அவர் இல்லாமல் வாழப் பழகியிருப்பார்கள்.

இங்கே ஒப்பிடுவது தமிழ்நாட்டு நகரங்களில் உண்மையில் கிடைக்கும் வழிகளை: நேரே வீடு, மறுவாழ்வு இல்லத்திலேயே சில மாதம், மாநகராட்சிக் காப்பகம், வாடகை அறை. ஐந்தாவதாக, யாரும் திட்டமிடாமலே பலர் போய்ச் சேருகிற வேலையிடத் தங்கலும் உண்டு. எங்கே படுப்பது, எப்போது வீடு திரும்புவது என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே நாளில் தீர்க்கப் பார்ப்பதால்தான் பல குடும்பங்கள் மூன்றாவது முறையாக அதே சிகிச்சை மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

## இதற்கெல்லாம் முன்னால் ஒன்று

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் இல்லாத பூச்சி தெரிவது, இல்லாத ஆள் கூப்பிடுவது, நாள் கிழமை மறப்பது என்று போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நிறுத்தும் அந்த வாரத்தைக் கீழே சொல்லும் எந்த இடத்திலும் கழிக்கக் கூடாது. அதற்கு இடம் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. பல மாதம் சரியாகச் சாப்பிடாமல் குடித்த உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அது தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "ஊசியில் தயமின் போட்டாச்சா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனநல உதவிக்கு 14416.

## எதை வைத்து எடைபோடுவது

சரக்கு எவ்வளவு தூரம். கடை இருக்கும் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் மாலை 6 முதல் 9 வரை அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்பதுதான் விஷயம்.

மாத்திரை. காலையில் யார் கண் முன்னால் போடுவார், தீர்ந்தால் யார் வாங்குவார், அடுத்த ஓ.பி. (வெளிநோயாளர் பிரிவு) நாளுக்கு எப்படிப் போவார்.

காசு. வாடகையும் கட்டணமும் கண்ணுக்குத் தெரிந்தவை. போகாத வேலைநாள், பழைய கடன், மனைவி எடுக்கும் லீவு ஆகியவை தெரியாதவை.

முகவரியும் காகிதமும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு. பிளாட்பாரத்தில் முதலில் காணாமல் போவது பை. அதோடு இவை எல்லாம் போயிருக்கும்.

வீட்டாரின் பாதுகாப்பு. அடி, மிரட்டல், பொருள் உடைத்தல் முன்பு நடந்திருக்கிறதா. நடந்திருந்தால் மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

சறுக்கினால் என்ன ஆகும். யாரும் சேர்த்துப் பார்க்க விரும்பாத அளவுகோல் இது. வீட்டில் வன்முறை இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முதல் வருடத்தில் ஒரு முறையாவது குடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. அந்த ராத்திரி அவர் படுக்கும் இடமும் சேர்ந்து போய்விடுமா? போய்விடும் என்றால் ஒரு குவார்ட்டர் மூன்று மாதத் தெருவாழ்க்கையாக மாறும். குடித்தால் வெளியே போ என்று சொல்லும் இடத்தில் இருப்பவர் குடித்ததை மறைப்பார், மறைப்பவர் மறுபடி குடிப்பார்.

1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'வீடு முதலில்' என்ற முறை இந்தச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது. குடியை விட்ட பிறகு வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு முதலிலேயே அறையைக் கொடுத்தார்கள். பின்னர் கனடாவில் ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது, அப்படிக் கொடுத்தவர்கள் வீட்டில் நிலைத்திருப்பது மிகவும் கூடியது. குடி மட்டும் அதனாலேயே குறைந்துவிடவில்லை. கூரையும் குடியும் இரண்டு நோய்கள், இரண்டுக்கும் தனித்தனி மருந்து வேண்டும் என்பதே அதில் நமக்கு உதவும் பாடம். அரசு வாடகை கட்டும் அந்த ஏற்பாடு இங்கே இல்லை. ஆனால் ஒரு சறுக்கலோடு படுக்கையையும் பறித்துவிடாத இடத்தைத் தேட முடியும்.

## 1. நேரே வீட்டுக்கு

வீட்டுச் சாப்பாடு, வாடகையில்லாத கூரை, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு கை. செலவுக் கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மறைந்திருக்கும் செலவுதான் பெரிது.

அவர் இல்லாத காலத்தில் பால் பாக்கெட்டிலிருந்து பள்ளிக் கட்டணம்வரை எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டிருப்பார். ஏலச்சீட்டு எதில் போட்டிருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்காது என்று ஒரு முழு நிர்வாகம் அவர் கையில் இருக்கும். திரும்பி வந்தவர் பத்தாம் நாள் "என்னைக் கேக்காம ஏன் டிவி வாங்கின?" என்பார். குடிக்காதவரின் நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் சண்டை பெரும்பாலும் குடியில் தொடங்குவதில்லை, இந்த அதிகாரத்தில்தான் தொடங்குகிறது. குடியில் போய் முடிகிறது.

மனைவி போலீஸ் ஆகிவிடுவது இரண்டாவது செலவு. வாயை முகர்ந்து பார்ப்பது, சட்டைப் பையைத் துழாவுவது, பாத்ரூமில் கூடுதல் நேரம் ஆனால் கதவைத் தட்டுவது. சித்தாள் வேலைக்கோ தையல் கம்பெனிக்கோ போகிறவர் 'பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள' பத்து நாள் லீவு போட்டால், வீட்டின் ஒரே நிச்சயமான வருமானம் அங்கே அடிபடும்.

மூன்றாவது கடன்காரர். ஆள் வந்துவிட்டது தெரிந்த மறுநாளே வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் நிற்பார். வருவதற்கு முன்பே கடன்களை ஒரு தாளில் எழுதி, அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று பிரித்து வையுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் புகார் கொடுக்கலாம்.

மாத்திரை விஷயத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரிலோ தோசை மாவிலோ தெரியாமல் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம்வரை இந்த விளைவு வரும். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சீட்டோடு, கல்லீரலும் இதயமும் பார்த்த பிறகு, காலையில் ஒருவர் முன்னிலையில் போடுவதே முறை. அரிஷ்டங்களிலும் சில இருமல் டானிக்குகளிலும் ஆல்கஹால் இருக்கிறது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாட்டியின் தசமூலாரிஷ்டம் உட்பட.

எப்போது இது சரி: தெருவில் இருந்தது சில வாரங்களே, வன்முறை இல்லை, மாலையில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், மனைவி தானாகச் 'சரி' என்கிறார். அந்தச் சரியைக் கேட்கும்போது மாமியார், மைத்துனர், கணவர் யாரும் அறையில் இருக்கக் கூடாது. கூட்டத்தில் கேட்ட சம்மதம் சம்மதம் ஆகாது.

எப்போது கூடாது: அடித்த வரலாறு இருந்தால், பிள்ளைகள் அவர் குரல் கேட்டு ஒளிந்தால். வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன்கீழ் கணவரை வெளியே தங்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடவும் முடியும். பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம்.

## 2. மறுவாழ்வு இல்லத்தில் தொடர்ந்து தங்குவது

முதல் ஒரு மாதச் சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு, மூன்று மாதம் தங்கவைக்கும் இல்லங்கள் உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் கட்டணம் கிடையாது. படுக்கை பதினைந்தோ முப்பதோதான், காத்திருக்க வேண்டிவரும். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நெடிய மரபு இருக்கிறது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மையம் 1980-ல் தொடங்கியது. அதை நிறுவிய சாந்தி ரங்கநாதனுக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது சிகிச்சையின் பகுதி என்பதை இங்கே பரவலாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தனியார் இல்லங்களில் நல்லதும் இருக்கிறது, படுமோசமும் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதனால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். தானாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விடவேண்டும். டாக்டர் கவலைப்பட்டால் பரிசோதனைக்காக 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்கலாம். சம்மதிக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும்; அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழலிலும் குற்றம்.

போய்ப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே மாட்டியிருக்கிறது? மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் இருக்கிறார்? பக்கத்தில் ஆள் நிற்காமல் அவரோடு போனில் பேச முடியுமா? மாத்திரை, ரத்தப் பரிசோதனை, சலவை எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கமா? "அட்ரஸ் குடுங்க, நாலு பசங்களை அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். அதற்கு 'பிக்-அப் சார்ஜ்' என்று தனி ரசீதும் போடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, மூன்று மாதக் கூலி இல்லை. மற்றது, அங்கே குடிக்காமல் இருப்பது சோதிக்கப்படாத குடிவிலக்கு. பையில் பணமும் வெளியே போக வழியும் இல்லாத இடத்தில் 90 நாள் இருப்பது வேறு. சனிக்கிழமை மாலை வாரக்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு கடையைத் தாண்டி நடப்பது வேறு. சிகிச்சை முடிந்தவரைச் சம்பளமில்லாத 'வாலண்டியர்' ஆக்கி வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளும் இல்லங்களும் உண்டு. பாதுகாப்பாகத் தோன்றும், வெளியுலகத்துக்கு மட்டும் அவர் தயாராகவே மாட்டார்.

எப்போது இது சரி: இரண்டுக்கும் மேற்பட்ட முறை சிகிச்சை முடிந்த முதல் வாரத்திலேயே குடித்தவர், நினைவாற்றல் குறைந்தவர், கூடவே மனச்சோர்வோ மனநோயோ உள்ளவர், கல்லீரல் கெட்டு உடம்பு தேற நாளாகும் என்பவர்.

## 3. மாநகராட்சிக் காப்பகம்

நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் காப்பகம், ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. 2010-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு காப்பகம் அமைக்கும் வேலை வேகம் பிடித்தது. சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடன் இருப்போர் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். சென்னையில் 1913-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

தங்கக் காசு இல்லை. இதன் உண்மையான மதிப்பு காகிதத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரும் சான்று முகவரிச் சான்றாகச் செல்லுபடியாகும். பழைய ஆதார் எண் மறந்திருந்தாலும் கைரேகை வைத்து மீட்கலாம். அதிலிருந்து பூஜ்ய இருப்பு வங்கிக் கணக்கு, அதிலிருந்து தொழிலாளர் நலவாரியப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறலாம். குடும்ப அட்டையில் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதையும் இந்த நாட்களிலேயே பார்த்துவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அதற்கு அட்டையில் பெயர் வேண்டும்.

குறை என்ன? பக்கத்துக் கட்டில்காரர் குடித்துவிட்டு வருவார். தலையணைக்கு அடியில் வைத்த மாத்திரையும் போனும் காலையில் இருக்காது. பூட்டுள்ள பெட்டி கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வார மாத்திரையைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவையுங்கள். இரவில் குடித்து வந்தால் உள்ளே விடமாட்டார்கள். இரவு ஷிப்ட் வேலைக்கு ஒத்துவராது. பிள்ளைகள் வந்து பார்க்க அது இடமும் இல்லை.

எப்போது இது சரி: கையில் ஒரு காகிதமும் இல்லை, காசும் இல்லை, வீட்டார் இன்னும் பேசவே தயாரில்லை. ஒன்றிலிருந்து மூன்று மாதப் பாலமாக நினைத்துக்கொண்டால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மூன்று மாதத்தைத் தாண்டினால் அங்கேயே தேங்கிவிடுவதும் நடக்கிறது.

## 4. வாடகை அறை, மேன்ஷன் கட்டில்

வேலை கிடைத்து, காகிதங்கள் கைக்கு வந்த பிறகு நாம் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு நிபந்தனை: தனியறை வேண்டாம், பகிர்ந்த அறை. தனியறையில் மாலை ஏழு மணி எப்படி இருக்கும்? ஒரு ட்யூப் லைட், ஆணியில் தொங்கும் சட்டை, பேச ஆளில்லாத நான்கு சுவர். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும்தான் குடிக்கு வாசல் என்பார்கள் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு) கூட்டங்களில். வேலை முடிந்து தனியறைக்கு வருகிறவரிடம் நான்கும் ஒரே நேரத்தில் இருக்கும்.

அறை பார்க்க ஞாயிறு காலை போகாதீர்கள், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போங்கள். மாடிப்படித் திருப்பத்தில் காலிப் பாட்டில் இருக்கிறதா, மொட்டைமாடியில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். நடந்து போகும் தூரத்தில் ஏ.ஏ. கூட்டம் இருந்தால் வாடகை ஐநூறு கூடினாலும் அந்த அறையையே எடுங்கள். கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சாதி, மதம், முழுப்பெயர் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அட்வான்ஸ் பெரிய தடை. 2017-ன் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை. அந்த 'எழுதிக்கொள்ளாதவரை'யில்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேன்ஷன் கட்டிலுக்குப் பெரும்பாலும் ஒரு மாதத்தோடு முடியும்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

- கூலி 700 ரூபாய், மாதம் 22 நாள்: 15,400
- கட்டில் வாடகை: 3,500
- சாப்பாடு நாளுக்கு 130: 3,900
- பஸ்: 1,000
- ஓ.பி. போய்வர, மாத்திரை: 500
- போன்: 300
- மீதி: 6,200

இதில் 4,000 மனைவி கணக்குக்கு, 2,200 சேமிப்புக்கு. சென்னையில் அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் சாப்பாட்டுச் செலவு இன்னும் இறங்கும். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து. 140 ரூபாய் குவார்ட்டர் தினம் இரண்டு என்றால் மாதம் 8,400. மேலே உள்ள வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. இதை அவரிடம் உபதேசமாகச் சொல்லாதீர்கள், அவரையே கூட்டச் சொல்லுங்கள்.

மேஸ்திரியிடம் பேசி வாரக்கூலியைக் கையில் தராமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்வது நல்லது. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கையில் நோட்டு இல்லை என்பதே பாதிப் பாதுகாப்பு.

எப்போது கூடாது: தற்கொலை எண்ணம் வந்துபோகிறவர், வலிப்பு வந்தவர், மறதியால் மாத்திரை தவறவிடுகிறவர்.

## 5. வேலையிடத்திலேயே தங்குவது

வாட்ச்மேன், ஓட்டல், கட்டட ஷெட். சாப்பாடும் தங்கலும் இலவசம் என்பதால் கவர்ச்சியாக இருக்கும். வாட்ச்மேன் வேலை தூக்கத்தைக் கெடுக்கும். ஓட்டலில் பதினொரு மணிக்குக் கடை மூடிய பிறகு கூடும் கூட்டம் வேறு வகை. ஷெட்டில் உடம்பு வலிக்குச் சரக்கு என்பது எழுதாத விதி. வேலை போனால் கூரையும் அன்றே போகும். முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | வீடு | மறுவாழ்வு இல்லம் | காப்பகம் | பகிர்ந்த அறை |
|---|---|---|---|---|
| மாலை நேரப் பாதுகாப்பு | ஆள் இருந்தால் நல்லது | மிக நல்லது, செயற்கையானது | சுமார் | கூட இருப்பவரைப் பொறுத்தது |
| மாத்திரை | கவனிக்க ஆள் உண்டு | முழுக் கவனிப்பு | பொறுப்பாளர் உதவினால் உண்டு | தானே பார்க்க வேண்டும் |
| வெளிப்படைச் செலவு | இல்லை | இலவசம் அல்லது மாதக் கட்டணம் | இல்லை | வாடகை, அட்வான்ஸ் |
| மறைவுச் செலவு | மனைவியின் வேலை, நிம்மதி. கடன் | இழந்த கூலி | திருட்டு, தேக்கம் | தனிமை |
| காகிதம் | எளிது | கடினம் | இதுவே சிறந்தது | ஒப்பந்தம் இருந்தால் எளிது |
| சறுக்கினால் | முழுக் குடும்பமும் அடிபடும் | சில இடங்களில் வெளியேற்றம் | அன்றிரவு நுழைவு இல்லை | படுக்கை நிலைக்கும் |

கடைசி வரிசையைப் பார்த்தால், பல மாதம் தெருவில் இருந்தவருக்கு ஏன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் பகிர்ந்த அறையைச் சொல்கிறோம் என்பது புரியும். அவர் விழுந்தாலும் பிள்ளைகளின் வீடு விழாது, அவர் படுக்கையும் போகாது. மாமியார், "பொண்டாட்டி புள்ளைங்க இருக்க, லாட்ஜ்ல கிடக்கணுமா என் பையன்?" என்று அழுவார். அந்த அழுகைக்கு இடம்கொடுங்கள், முடிவை அதற்குக் கொடுக்காதீர்கள்.

குடிக்கும் பெண்களுக்கு வழிகள் இன்னும் குறைவு. பெண்களை மட்டும் சேர்க்கும் மையங்கள் மிகச் சில. 181 வழியாக முதலில் பாதுகாப்பான தங்குமிடம், பிறகு அரசு மருத்துவமனைச் சிகிச்சை என்ற வரிசைதான் அவர்களுக்குப் பொருந்தும். குழந்தை கூட இருக்க முடியுமா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

## அறையிலிருந்து வீட்டுக்கு

முதல் மாதம் போன் மட்டும். வாரம் இரண்டு நாள், சொன்ன நேரத்தில், பத்து நிமிடம். "எப்ப வரட்டும்?" என்று கேட்கவே கூடாது. பிள்ளையிடம் "அம்மாகிட்ட சொல்லு" என்று எந்தச் செய்தியும் கொடுத்தனுப்பக் கூடாது.

இரண்டாம் மாதம் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை, பூங்காவிலோ கோயில் வாசலிலோ சர்ச்சிலோ சந்திப்பு. கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும் நேரம் என்பதும் ஒரு காரணம். சைக்கிள், செல்போன் என்று பெரிய பரிசு வேண்டாம். போன தடவை மகள் கேட்ட ஜியோமெட்ரி பாக்ஸை மறக்காமல் கொண்டுபோவது அதைவிடப் பெரிது. பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பிள்ளை காத்திருந்து பழகியிருக்கிறது.

மூன்றாம் மாதம் வீட்டில் மதியச் சாப்பாடு, இருட்டும் முன் கிளம்புதல். நான்காம் மாதம் ஓர் இரவு. அந்த முதல் இரவைத் தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, கல்யாணம் எதிலும் வைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் "ஒரே ஒரு கட்டிங்தான் மாப்ள" என்று கூப்பிடும் நாட்கள் அவை. காந்தி ஜெயந்தி போன்ற கடையடைப்பு நாள்களும் நம்பிக்கைக்குரியவை இல்லை; முந்தைய நாளே வாங்கிவைக்கும் பழக்கம் ஊரறிந்தது.

எந்தப் படியிலும் பிள்ளை வேண்டாம் என்றால் முந்தைய படிக்குப் போய்விட வேண்டும். இந்த நான்கு மாதமும் தவறாத ஒன்று பணம்: ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி, மனைவி கணக்கில். ஒரு மாதம் 6,000, அடுத்த மாதம் பூஜ்யம் என்பதைவிட மாதம் தவறாத 1,500 அவருக்கு அதிகம் சொல்லும். மனைவி தன் பங்குக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் ஒன்றுக்காவது போய்ப் பார்க்கட்டும். அது குடிப்பவரைத் திருத்தும் இடமில்லை. அவரைச் சுற்றியே சுழன்றவர்கள் தங்கள் தூக்கத்தைத் திரும்பப் பெறும் இடம்.

## சறுக்கல் தாள்

வீடு திரும்பும் முன் ஒரு பக்கத்தில் எழுதி, கணவன், மனைவி, இரு பக்கமும் நம்பும் ஒருவர் மூவரும் கையெழுத்திட வேண்டியது இது. குடிக்காத நாளில், காலையில், சாப்பிட்டபின் எழுதுங்கள்.

1. குடித்தால் அன்றிரவு அவர் வீட்டுக்கு வரமாட்டார். படுக்குமிடம் எது என்று இப்போதே பெயரோடு எழுத வேண்டும்: அண்ணன் வீட்டுத் திண்ணையா, பழைய அறையா. அறையைக் காலி செய்தாலும் மூன்று மாதத்துக்குக் கட்டிலை விடாமல் வைத்திருப்பது வீண் செலவு இல்லை.
2. முதல் போன் யாருக்கு. மனைவிக்கு வேண்டாம், ஏ.ஏ. நண்பருக்கோ கவுன்சிலருக்கோ.
3. டைசல்ஃபிராம் போடுகிறவர் குடித்துவிட்டால் காத்திருக்காமல் 108.
4. ஒரு வாரமாகக் குடித்திருந்தால் வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தக் கூடாது. நடுக்கம், வாந்தி, உளறல் இருந்தால் ஆஸ்பத்திரி.
5. ஏ.டி.எம். கார்டு யாரிடம் போகும்.
6. மறுநாள் காலை அவர் வந்து பேசலாம். அன்று பழைய கதை எதையும் எடுப்பதில்லை, அடுத்த ஓ.பி. நாள் எது என்பது மட்டுமே பேச்சு.
7. கதவைத் தட்டிக் கலாட்டா செய்தால் 112. கூப்பிட்டதற்காகப் பின்னால் யாரும் மனைவியைக் குறைசொல்லக் கூடாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதி. எண்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், போனில் சேமித்திருக்கிறோமே என்று விட்டுவிடாதீர்கள். குடி திரும்பினால் முதலில் அடகுக்குப் போவது அந்தப் போன்தான். அவருடைய பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாத்திரைச் சீட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.